வீட்டுத் தோட்டக் குழு: தெருவிலா, குடியிருப்புச் சங்கத்திலா, பதிவு பெற்ற அமைப்பாகவா?

பெங்களூருவில் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சிறு மண்திட்டிலும் காய்கறி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சில பருவங்கள் தனியாக வளர்த்த பிறகு, நாலு பேர் சேர்ந்து செய்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கும் வருகிறது. எண்ணம் வந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: அந்தக் குழுவை எந்த வடிவத்தில் தொடங்குவது? ஒரே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள வீடுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்குள் ஒரு துணைக்குழுவாக இயங்கலாம். நகரம் முழுவதும் பரவியிருக்கும் தமிழ் அமைப்பையோ தோட்ட ஆர்வலர் வட்டத்தையோ சார்ந்து நிற்கலாம். முறைப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொண்டு தொடங்கலாம். நான்கிலும் நன்மை உண்டு. எனினும் எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. தவறான வடிவத்தில் தொடங்கும் குழு, செடி வளர்க்கும் ஆசை உறுப்பினர்களிடம் எவ்வளவு இருந்தாலும், முதல் கோடையைத் தாண்டுவது கடினம்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், குழு எந்த வேலைக்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அறிவைப் பகிர்ந்துகொள்ளத்தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அறிவு இன்று கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகிறது. கைப்பேசியால் கொடுக்க முடியாதவை நாற்றும், விதையும், நாம் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கையும்தான். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டுத்தான் நட வேண்டும். கடையில் வாங்கும் ஒரு விதைப் பாக்கெட்டில் ஒரு வீட்டுக்குத் தேவையானதைப்போலப் பல மடங்கு விதை இருக்கும். நாற்று விடப் பரவலாகப் பயன்படும் குழித்தட்டில் 98 குழிகள் இருக்கும். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு ஆறு தக்காளிச் செடியும் நான்கு கத்தரியும் நான்கு மிளகாயும் தாராளம். ஆகவே ஒரு வீட்டில் ஒரு தட்டுத் தக்காளி விட்டால் பதினைந்து வீடுகளுக்கு நாற்று கிடைத்துவிடும். அடுத்த வீடு கத்தரியையும் மூன்றாவது வீடு மிளகாயையும் எடுத்துக்கொண்டால் குழுவுக்கு ஒரு பருவத்தின் நாற்று வேலை முடிந்துவிடும். ஆனால் நாற்று காத்திருக்காது. தக்காளி ஏறத்தாழ 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். மிளகாய்க்கு 40 நாள் வரை பிடிக்கும். அதற்குமேல் பத்து நாள் தட்டிலேயே விட்டால், குழிக்குள் வேர் சுருண்டு, தண்டு நீண்டு, நட்ட பிறகும் தேறாத செடியாகிவிடும். நாற்றைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அடுத்தடுத்து வாழ்ந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும்.

தண்ணீர் ஊற்றும் கையைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பெங்களூருத் தமிழர்கள் ஊருக்குப் போகிறவர்கள். பொங்கலுக்கு ஒரு வாரம், குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குச் சில நாள்கள், பள்ளி விடுமுறையில் ஏப்ரலிலும் மேயிலும் வாரக்கணக்கில் என்று தருமபுரிக்கும் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் சேலத்துக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது நம் வழக்கம். ஏப்ரல் வெயிலில் பன்னிரண்டு அங்குல குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்) காய்த்து நிற்கும் தக்காளி, இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் இலை தொங்கிப் பூவை உதிர்த்துவிடும். நான்காம் நாள் அதை மீட்பது அரிது. சொட்டுநீர்க் குழாயும் டைமரும் ஓரளவு உதவும் என்றாலும், தொட்டியில் தண்ணீர் ஏறாத அன்று அவையும் நின்றுவிடும். வெண்டையையும் பீன்ஸையும் உரிய நேரத்தில் பறிக்கவும் ஆள் வேண்டும்; பறிக்காமல் விட்ட காய் முற்றினால் செடி புதிய பூ விடுவதையே குறைத்துக்கொள்ளும். எனவே எல்லா வழிகளையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். நாற்றுத் தட்டைக் கையில் ஏந்தி நடந்து போகும் தூரத்தில் உறுப்பினர் வீடுகள் இருக்கின்றனவா? ஒரு வீட்டார் ஊருக்குப் போனால் மாடிச் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போக இன்னொரு வீடு இருக்கிறதா?

இந்த அளவுகோலின்படி முதலிடம் பெறுவது தெருக் குழு. எட்டு முதல் பதினைந்து வீடுகள், பத்து நிமிட நடைக்குள், பதிவும் கட்டணமும் இல்லாமல், மாதம் ஒரு வீட்டு மாடியில் கூடிப் பேசுவது என்பதே இதன் அமைப்பு. இராமமூர்த்தி நகர், லிங்கராஜபுரம், கிருஷ்ணராஜபுரம், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் போன்ற பகுதிகளில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் இப்படி ஒரு வட்டம் அமைவது எளிது. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார் ஹீட்டர், துணிக்கொடி எல்லாம் போக எஞ்சும் இடத்தில் இருபது முதல் முப்பது பைகள் வரை வைக்கலாம். காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கு அதில் பாதி இருந்தாலும் போதும். பக்கத்துக் கட்டடம் நான்கு மாடி எழும்பியிருக்கும் தெருக்களில் இந்த வேறுபாடு வீட்டுக்கு வீடு மாறும். வெயில் நிறைந்த மாடி தக்காளிக்கும், நிழல் விழும் மாடி பொன்னாங்கண்ணிக்கும் அரைக்கீரைக்கும் என்று குழு பிரித்துக்கொண்டால், எந்த வீடும் விளையாத பயிரோடு போராட வேண்டியதில்லை.

தெருக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பது பற்றித் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. பெங்களூருவில் பெரும் தொகையை முன்பணமாகக் கொடுத்து லீஸுக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாதவாடகைக்கு இருப்பவர்கள் அதைவிட நிறைய. மாடியின் மீது அவர்களுக்கு உரிமை கிடையாது. வீட்டுக்காரர் மறுத்தால் பால்கனிக் கம்பியில் தொங்கும் நாலு தொட்டிகளோடு அவர்கள் தோட்டம் முடிந்துவிடும். இங்கேதான் குழுவுக்குப் பொருள் கூடுகிறது: இடம் உள்ள வயதான தம்பதியின் மாடியில் இடமில்லாத இளம் குடும்பம் வந்து வேலை செய்து விளைச்சலைப் பகிர்ந்துகொள்ளலாம். தம்பதிக்கு மண் மூட்டையை மேலே ஏற்றத் தோள் ஒன்று கிடைக்கும்; இளம் குடும்பத்துக்குச் செடி கிடைக்கும். வேறெந்த வடிவத்திலும் இந்தப் பரிமாற்றம் இவ்வளவு இயல்பாக நிகழாது.

வீட்டுக்காரர்கள் மறுப்பதற்கு முக்கியக் காரணம் மாடி ஒழுகும் என்ற அச்சம். அது நியாயமான அச்சம். குழு அதைத் தட்டிக்கழிக்காமல் விடை சொல்ல வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை வகுக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஏறிப் புழங்காத கூரைக்கு அதில் பாதி. செங்கல் அடுக்கி ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டினால், நனைந்த நிலையில் அதன் எடை சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். அதைச் செய்யவே கூடாது. செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பிய பன்னிரண்டு அங்குலப் பை, நனைந்த பிறகும் சுமார் இருபது கிலோதான் இருக்கும். அவற்றைச் சுவரை ஒட்டியும் பீம் போகும் வழியிலும் பரவலாக, தரையில் நேராக வைக்காமல் ஒரு ஸ்டாண்டின் மேல் வைத்தால், அடியில் காற்றோட்டம் இருக்கும், மழைநீரும் தடையின்றி ஓடும். தரையில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதை அடைத்து நீர்புகாப் பூச்சு கொடுத்த பிறகே தோட்டம். இதை வீட்டுக்காரரிடம் வாயால் சொல்வதைவிட, குழுவில் உள்ள ஒரு மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுவது பயன் தரும். ஒரு மழைக்காலத்தைக் கடந்தும் கீழ்வீட்டு உட்கூரையில் ஈரத் திட்டு இல்லை என்பதைப் பார்த்துவிட்டால் அவர்கள் மனம் இளகும்.

தெருக் குழு தமிழர்களுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் தெருக்களில் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகள் கலந்தே இருக்கின்றன. மாடிச் சாவியை வைத்துக்கொள்ளப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எந்த மொழி பேசுகிறார் என்பது செடிக்குப் பொருட்டல்ல. இந்த மண்ணின் பருவத்தை அவர்கள் நம்மைவிட நெருக்கமாக அறிந்திருக்கவும் கூடும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், தமிழ்நாட்டுச் சமவெளியில் வராத பீன்ஸும் கேரட்டும் நூல்கோலும் இங்கே பையிலேயே வரும். சப்ஸிகே எனப்படும் சதகுப்பைக் கீரையும் மார்கழிக் குளிரில் காய்க்கும் அவரையும் இங்குள்ள சமையலறைகளுக்கு உரியவை. இந்த நகரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் காய்கறியும் பூவும் விளைவித்துக் கொடுத்த திகளர் சமூகத்தின் வேர் தமிழில் இருக்கிறது. அவர்கள் முன்னின்று நடத்தும் கரகம் ஊர் முழுவதற்கும் சொந்தமான விழாவாக நிற்கிறது. இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில் அன்று இருந்த சம்பங்கி ஏரியின் தண்ணீரில் அவர்களுடைய தோட்டங்கள் செழித்திருந்தன. மொழி கலந்து பயிர் வளர்ப்பது இந்த ஊருக்குப் புதிதன்று.

விதைச் சேமிப்பிலும் தெருக் குழுவுக்கே மேன்மை. தக்காளி, பீன்ஸ், அவரை போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுபவை என்பதால், ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தால் ஆண்டுதோறும் ஓரளவு தூய விதை கிடைத்துக்கொண்டே இருக்கும். பீர்க்கு, சுரை, பூசணிக் குடும்பம் அப்படியல்ல. தேனீயும் அந்துப்பூச்சியும் தெருவில் உள்ள எல்லா மாடிகளுக்கும் போய்வருவதால் ரகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பூசணிப் பூ விடிகாலையில் விரிகிறது; பீர்க்கம்பூ மாலை வெயில் தணிந்த பிறகுதான் விரிகிறது. விதைக்கென்று ஒரு பீர்க்கங்காயை ஒதுக்க வேண்டுமானால், அடியில் சிறு பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் நண்பகலிலேயே நூலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஆறு மணி வாக்கில் இரண்டையும் அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைப் பின்னால் மடித்து, மஞ்சள் தூள் படிந்த நடுப்பகுதியைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டிவிட்டு, காம்பில் ஒரு வண்ண நூலை அடையாளமாகச் சுற்றிவைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். வேலைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிறவரால் இதைச் செய்ய முடியாது. மாலையில் வீட்டில் இருக்கும் பக்கத்து மாடி அக்கா செய்துவிடுவார். கலப்பின விதையைச் சேமிப்பதில் பயனில்லை என்பதையும் குழு அறிந்திருக்க வேண்டும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்‌ஷக் தக்காளி நோயைத் தாங்கும் நல்ல கலப்பினம்தான், ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப்போல வராது. அதே நிறுவனத்தின் அர்க்கா விகாஸ் தக்காளியும் அர்க்கா அனாமிகா வெண்டையும் கலப்பினம் அல்லாத ரகங்கள் என்பதால் சேமிக்கத் தக்கவை.

தெருக் குழுவின் குறை என்ன? ஒரே ஒருவரின் ஊக்கத்தில் அது நிற்கும். அவர் வீடு மாறினாலோ வேலையில் மூழ்கினாலோ கூட்டம் கலைந்துவிடும். பொதுவாக வாங்கிய பொருள்களுக்குக் கணக்கு வைப்பதும் சிக்கலாகலாம். ஆண்டுக்கு இரண்டு வீடுகள் மாறி மாறிப் பொறுப்பேற்பது, கைமாறும் பணத்தை நாற்றுத் தட்டு, தெளிப்பான், வேப்பெண்ணெய், தேங்காய் நார்க்கட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது, அன்றன்றே பங்கு பிரித்துக் கணக்கை முடித்துவிடுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் இக்குறை பெரும்பாலும் தீரும். பணம் சேர்த்து வைக்காத குழுவில் பணத்தால் மனக்கசப்பு வருவதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள் என்பதால் தூரம் என்ற சிக்கலே இல்லை. சாவி கொடுப்பதும் நாற்று கொடுப்பதும் லிஃப்ட்டில் ஏறி இறங்கும் வேலைதான். ஆனால் மாடி அவர்களுடையது அன்று. 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே குறிக்கிறது. ஆகவே ஆர்வமுள்ள பத்துப் பேர் தாங்களாகவே மேலே பைகளை ஏற்றிவிட்டால், மேல்தளத்தில் முதல் ஒழுகலைக் காணும் வீட்டார் புகார் கொடுத்த அன்றே எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கும். அந்த ஒழுகலுக்குத் தோட்டம் காரணமா இல்லையா என்பதை யாரும் ஆராய மாட்டார்கள். பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மாடியில் எந்தப் பகுதி, எத்தனை பைகள், எடை எவ்வளவு, ஒழுகினால் பழுதுபார்க்கும் செலவில் தோட்டக் குழுவின் பங்கு என்ன என்பதை எழுத்தில் வைத்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் காலத்தில் அவரவர் பால்கனியில் கீரையும் புதினாவும் வெந்தயமும் வளர்க்க எந்தத் தீர்மானமும் தேவையில்லை. அந்தப் பால்கனிகளையே குழுவின் முதல் ஆண்டாகக் கொள்ளலாம்.

குடியிருப்புச் சங்கத்துக்குள் இயங்குவதில் மற்ற வழிகளில் கிடைக்காத ஒரு வளம் உண்டு, அது உரம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று கூறின. அதனால் பெங்களூருவின் பல பெரிய குடியிருப்புகளில் உரத் தொட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் சேரும் உரத்தை எங்கே போடுவது என்றுதான் மேலாளர்கள் தவிக்கிறார்கள். தோட்டக் குழு அதை எடுத்துக்கொள்ள முன்வந்தால் சங்கத்தின் எதிர்ப்பு பாதியாகக் குறையும். அந்த உரம் முழுவதும் மக்கியதா என்பதை முகர்ந்தே அறியலாம்: மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் எடுக்கலாம், புளித்த நெடி வந்தால் இன்னும் சில வாரம் காய்ந்த இலையோடு புரட்டிவிட வேண்டும்.

இதே குடியிருப்புகளில் தண்ணீரின் தரத்தைக் கேட்டறியாமல் செடிக்கு ஊற்றக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை மென்மையாக்க உப்பைப் பயன்படுத்தும் சாஃப்ட்னர் கருவி பல இடங்களில் உண்டு; அதிலிருந்து வரும் நீரில் சோடியம் கூடுதலாக இருக்கும்; தொடர்ந்து ஊற்றினால் பையிலுள்ள மண் இறுகி இலை ஓரம் கருகும். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் எடுத்துத் தரும்படி பிளம்பரிடம் கேட்பது சிறு செலவுதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் பூச்செடிக்கும் மரங்களுக்கும் ஏற்றது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, கேரட் போன்றவற்றுக்கு அதை விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது வழி, நகர அளவிலான அமைப்புகள். 1950-இல் தொடங்கி அல்சூர் ஏரிக்கு அருகில் இயங்கிவரும் பெங்களூருத் தமிழ்ச் சங்கத்தையோ, அதைப்போன்ற பகுதி சார்ந்த தமிழ் மன்றங்களையோ மையமாகக் கொண்டு தோட்டக் குழு தொடங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழில் பேசி, தமிழில் கேள்வி கேட்டு, பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற இயற்கை ஊட்டக் கரைசல்களைப் பற்றியெல்லாம் தயக்கமின்றித் தெரிந்துகொள்ள அது நல்ல இடம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வருகிறவர்களில் ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இன்னொருவர் ஹெப்பாளிலும் இருப்பார். நாற்றை எடுத்துக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் நிற்பதற்குள் அது வாடிவிடும்; ஊருக்குப் போகிறவருடைய செடிக்குத் தண்ணீர் ஊற்ற பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் வரமாட்டார். இத்தகைய அமைப்பை ஆண்டுக்கு இரண்டு முறை விதை மாற்றிக்கொள்ளும் களமாகவும் பயிற்சி வகுப்பாகவும் கொள்வதே சரி.

மொழி எல்லையைத் தாண்டினால் இந்த நகரத்தில் கற்றுக்கொள்ள அரிய இடங்கள் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் பி.என். விஸ்வநாத் மாடித்தோட்டத்தைப் பெங்களூருவில் பரப்பியவர்களில் முதன்மையானவர். அவர் வழிகாட்டுதலில் வளர்ந்த கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ் அமைப்பினர் 2011 முதல் நடத்திவரும் 'ஊட்ட ஃப்ரம் யுவர் தோட்ட' (உங்கள் தோட்டத்திலிருந்து உணவு) நிகழ்ச்சியில் விதை, நாற்று, உரத் தொட்டி, கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து விசாரித்து வாங்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வழக்கமாக நவம்பர் மாதத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சிக்கும், ஹெசரகட்டா நிறுவனத்தின் விதை விற்பனை நிலையத்துக்கும் குழுவின் சார்பில் இருவர் போய்வந்தால் எல்லாருக்கும் வாங்கி வந்துவிடலாம். வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை ரகங்கள் குளிர்காலத்துக்குக் காத்திராமல் எந்தப் பருவத்திலும் பூக்கும் என்பதால் மாடிப் பைகளுக்கு மிகவும் ஏற்றவை.

நான்காவது வழியான பதிவு பெற்ற சங்கத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டின் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கங்களையும் விதிகளையும் எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலையும் வரவுசெலவுக் கணக்கையும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும், நன்கொடை பெறவும், பள்ளி வளாகம் போன்ற ஓரிடத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அது உதவும். இவற்றில் ஒன்றும் தேவைப்படாத பத்து வீட்டுக் குழு அதைச் செய்தால், செடி பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் தலைவர், செயலாளர் தேர்தலிலும் கணக்குத் தணிக்கையிலும் போய்விடும். நம்மவர்களுக்குப் பதவியின்மேல் உள்ள பற்றையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்; தோட்டத்துக்காகத் தொடங்கிய அமைப்பு பதவிக்காகப் பிளவுபடுவது வருத்தம் தரும் செயல். குழு இரண்டு ஆண்டு நிலைத்து, பொது இடமோ நிதியோ கைக்கு வரும் நிலை உருவான பிறகு பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

காலி மனையில் எல்லாரும் சேர்ந்து பயிரிடலாம் என்ற யோசனையையும் அடிக்கடி கேட்கிறேன். உரிமையாளர் எழுத்தில் அனுமதி தராத மனையில் உழைப்பைக் கொட்டுவது வீண். அவர் எந்த மாதத்திலும் அடித்தளம் தோண்ட வரலாம். கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் கலந்த மண்ணைத் திருத்தவே ஒரு பருவம் போய்விடும். கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரைகளில் கீரை வளர்ப்பதை எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் கீரை மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துவைக்கும்.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் பெங்களூருவில் இறுதி முடிவைச் சொல்வது தண்ணீர்தான். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, பெங்களூருக் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியிலும் அதே தடை வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத தெருவில் தக்காளிக்குக் காவிரி நீரை ஊற்றுவது நியாயமும் ஆகாது. கோடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால் இருபது பைகளுக்கு முப்பது லிட்டர் வேண்டும். அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்தால் அதில் ஒரு பகுதி கிடைக்கும். எண்பது சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர் விழும். அதைப் பிடித்துவைக்கத் தொட்டி உள்ள வீடுகள் தொட்டி இல்லாத வீடுகளோடு பகிர்ந்துகொள்வது தெருக் குழுவிலும் குடியிருப்பிலும் மட்டுமே இயலும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை அரிது என்பதால், அந்த மாதங்களில் பைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்பி மூடிவைக்கக் குழுவாகவே முடிவு செய்ய வேண்டும். பிடித்துவைத்த நீரைக் கொசு புகாதபடி மூடுவதும், பைகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டுவதும் கட்டாயம். டெங்கு பரவும் ஊரில் ஒரு மாடியின் கவனக்குறைவு பக்கத்துக் குழந்தையைப் படுக்கையில் தள்ளிவிடும்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தால், தனி வீடுகள் உள்ள தெருவில் இருப்பவர்கள் பதிவின்றிப் பத்து வீடுகளோடு தெருக் குழுவாகத் தொடங்குவதே சிறந்தது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனிகளில் தொடங்கி, அதே ஆண்டில் சங்கத்தின் தீர்மானத்துக்கு முயல வேண்டும். தமிழ்ச் சங்கமும் நகர அளவிலான ஆர்வலர் அமைப்புகளும் இருவருக்குமே பள்ளிக்கூடமாக இருக்கட்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பெங்களூருவின் மென்தூறலுக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது நாற்று நடவுக்குத் தயாராக இருக்க வேண்டுமானால், முதல் கூட்டத்தை ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் எந்த நாற்றை விடுவது, அடுத்த ஓராண்டில் எந்த வீடு எப்போது ஊருக்குப் போகிறது, எந்த மாடியில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்ற மூன்றை மட்டும் அன்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். மிளகாய்த் தட்டை ஏற்றவர் அந்த வாரமே விதைத்துவிட வேண்டும். கத்தரிக்கு ஜூன் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. தக்காளியை ஜூன் 20-ஐ ஒட்டி விதைத்தால் மூன்றும் ஒரே வாரத்தில் நடவுக்கு வந்துவிடும்.